பன்னிரண்டாம் வகைத் தரித்திரம்

தன் புருஷனுக்கு ஒரு கேஸ் கிடைத்திருக்கிறது என்று கேட்டதும் சின்னத்தாய் உலையை இறக்கி வைத்துவிட்டு, அவனுடைய வேட்டிகளையும் ஒரு துண்டையும் வைத்து மூட்டை கட்டினாள். அவள் பிறந்த எழுமலைப் பக்கத்தில் கேஸ் என்ற சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். போலீஸ்காரர் வருவார், ஆம்பிளைகள் கைரேகை வைப்பார்கள், அதற்குப் பிறகு பொழுது சாய்ந்தால் வீட்டில் படுக்காமல் ஸ்டேஷனில் போய்ப் படுப்பார்கள். உக்கிரபாண்டி மூட்டையைப் பார்த்துச் சிரித்தான். இது அந்தக் கேஸ் இல்லை, படிப்புக் கேஸ் என்றான். தான் படிக்கும் கழகத்தில் மாணவர்களுக்கு ஆளுக்கோர் ஏழைக் குடும்பத்தைப் பங்கு பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள், தனக்கு விழுந்தது செல்லூர் ஆற்றோரத்தில் கூலிக்கு நெல் குத்தும் ராமக்காள் என்று விளக்கினான்.

“பொம்பள கேஸா?” என்று மட்டும் கேட்டாள் சின்னத்தாய்.

மூட்டையை அவிழ்க்கும்போது அவள் முகம், கட்டும்போது இருந்ததைவிட இறுகியிருந்தது.

இது நடந்தது முப்பத்தெட்டாம் வருஷம். உக்கிரபாண்டி அதற்கு முன் உசிலம்பட்டியில் வாத்தியாராக இருந்தான். பி.ஏ. தேறியவன். தல்லாகுளத்தில் ஒரு வெள்ளைக்காரர் விட்டுவிட்டுப் போன பங்களாவில் சமூகக் கொள்கைப் பட்டமேற்படிப்புக் கழகம் என்று ஒன்று தொடங்கியிருக்கிறார்கள், அதில் தேறி வந்தால் சர்க்காரில் நல ஆபீசராகலாம் என்று யாரோ சொன்னார்கள். வாத்தியார் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு, சிம்மக்கல்லில் ஒரு சந்துக்குள் வீடு பிடித்துக் குடிவந்தான். மாமனார் காசிமாயன் மாசத்துக்கு ஒரு தரம் வண்டியில் கம்பும் சோளமும் அனுப்பினார். மருமகன் எதைப் படிக்கிறான் என்று ஊரில் யாராவது கேட்டால், ஏழைகளைப் படிக்கிறார் என்று சொல்வார். அது இங்கேயே இருக்கிறதே, அதற்கு எதற்கு மதுரைக்குப் போகணும் என்று அவர்கள் திருப்பிக் கேட்பார்கள்.

கழகத்தின் முதல்வர் லண்டனில் மூன்று வருஷம் தரித்திரத்தைப் படித்தவர். சித்திரை வெயிலிலும் சாம்பல் நிறக் கம்பளிக் கோட்டுதான். தினம் காலையில் மாணவர்கள் காப்பிக்கு முன்னால் எழுந்து நின்று, பசித்திருப்பவர்களை நினைத்துக் கண்ணை மூட வேண்டும். முதல்வர் கண்ணைத் திறக்கும்வரை யாரும் திறக்கக் கூடாது. அதற்குள் காப்பி ஆறிவிடும். ஆறின காப்பியைக் குடிப்பது ஏழைகளோடு ஒன்றுபடுவதன் முதல் படி என்று அவர் சொல்வார். அவருக்கு மட்டும் சமையல்காரர் பிறகு சூடாகக் கொண்டுவந்து வைப்பார். முதல்வர் அந்தப் படியைத் தாண்டியவர்.

ஆனால் அவருக்கு ஒரு மனக்குறை இருந்தது. வடக்கே இதே மாதிரி இன்னொரு கழகம் இருந்தது. அங்கே பன்னிரண்டு வகைத் தரித்திரம் கண்டுபிடித்துப் புத்தகம் போட்டுவிட்டார்கள். மதுரையில் எவ்வளவு தேடியும் பதினொன்றுதான் அகப்பட்டது. வறட்சித் தரித்திரம், கடன் தரித்திரம், குடித் தரித்திரம் என்று வரிசையாகச் சுவரில் எழுதிப் போட்டு, கடைசியில் ஓர் இடத்தைக் காலியாக விட்டிருந்தார். வகுப்பு நடத்தும்போது அவர் கண் அடிக்கடி அந்தக் காலியிடத்துக்குப் போய் வரும். அப்போது அவர் பெருமூச்சு விடுவதை மாணவர்கள் ஏழைகளுக்காக என்று நினைத்துக்கொண்டார்கள்.

உக்கிரபாண்டி தினமும் சாயங்காலம் ராமக்காள் வீட்டுக்குப் போனான். என்ன சாப்பிட்டாள், யார் கொடுத்தார்கள், ராத்திரி தூக்கம் வந்ததா, கடைசியாக எப்போது சிரித்தாள், எதற்குச் சிரித்தாள் என்று ஒன்று விடாமல் கேட்டு எழுதினான். வீட்டுக்கு வந்தாலும் அதே பேச்சுதான். ராமக்காள் இன்றைக்குக் கஞ்சித் தண்ணீர் மட்டும் குடித்திருக்கிறாள், ராமக்காளுக்கு இடது தோள் வலிக்கிறதாம் என்று தட்டில் கையை வைத்துக்கொண்டு சொல்லுவான். ஒருநாள் சின்னத்தாய் யானைக்கல் சந்தைக்குப் போய் அயிரை மீன் வாங்கி, மண்சட்டியில் குழம்பு வைத்துப் போட்டாள். சாப்பிட்டுக் கை கழுவினான்.

“இன்னைக்கு என்ன கொழம்பு?” என்று கேட்டாள்.

“ரசந்தானே?” என்றான் உக்கிரபாண்டி. சொல்லிவிட்டு எழுத உட்கார்ந்தான்.

அதற்கு மேல் அவளால் பொறுக்க முடியவில்லை. மறுநாள் அவன் கழகத்துக்குப் போனதும் தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, கல்யாணச் சேலையைக் கட்டிக்கொண்டு, கல்பாலத்தைத் தாண்டிச் செல்லூருக்குப் போனாள். அந்த ராமக்காள் எப்படிப்பட்டவள், அவள் மூக்கும் முழியும் எந்த லட்சணத்தில் இருக்கின்றன என்று நேரில் பார்த்துவிடுவது என்ற முடிவோடு போனாள்.

ராமக்காளுக்குத் தன் அம்மா வயசு இருக்கும் என்பதைக் கண்டதும் சின்னத்தாய்க்குக் கட்டின சேலை உடம்பில் கனத்தது. முன்பல் இரண்டு இல்லை. வாடிப்பட்டிப் பக்கத்தில் கூலி வேலை அற்றுப்போய்ப் புருஷனோடு பிழைக்க வந்தவள். புருஷன் மூட்டை தூக்கப் போயிருந்தான். குடிசை வாசலில் உரலில் நெல்லைப் போட்டு ஆள் வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்பதுபோல அவசரமாகக் குத்திக்கொண்டிருந்தாள்.

“எழுத்தய்யா சம்சாரமா தாயி நீ? வா, வா. அவரு வாரதுக்குள்ள குத்திப்புடணும். வந்தாருன்னா இந்த ஒரலு வாயில பலகையப் போட்டு ஒக்காந்துருவாரு. அவரு எந்திரிக்கையில பொழுது போயிரும்.”

இந்த மாசம் கூலி பாதிதான் வந்தது என்று ராமக்காள் சொன்னாள். அதையும் அவர் எழுதிக்கொண்டாராம். ஏன் குறைந்தது என்று இரண்டு நாள் விசாரித்தாராம். அந்த இரண்டு நாளும் அவர் உட்கார்ந்திருந்தது உரலில்தான்.

இவளைப் பார்த்தா பொறாமைப்பட்டோம் என்று சின்னத்தாய்க்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்போடு கிளம்பியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ராமக்காள் விடவில்லை. எழுத்தய்யாவுக்கு இடி என்றால் பயமாமே என்று கேட்டாள். பரீட்சைக்கு முதல் நாள் காய்ச்சல் வந்துவிடுமாமே என்று கேட்டாள். சின்னத்தாய்க்கு இரண்டும் தெரியாது.

“ஒன்னையப் பொண்ணு பாக்க வந்தப்ப நீ எருத் தட்டிக்கிட்டு இருந்தியாமே? கையக் கழுவாம அப்படியே எந்திரிச்சு நின்னு, நேரா அவரு மொகத்தப் பாத்தியாம். இன்னைக்கும் கண்ணுக்குள்ளேயே நிக்குதுன்னு சொன்னாரு தாயி. சொல்லையில அவருக்குக் கண்ணு கலங்கிருச்சு.”

கேஸ் மனம் திறந்து பேச வேண்டுமானால் முதலில் மாணவன் தன் மனத்தைத் திறந்து காட்ட வேண்டும் என்பது கழகத்தின் பாடங்களில் ஒன்று. நம்பிக்கை ஊட்டல் என்று அதற்குப் பெயர். அதில் உக்கிரபாண்டி முதல் மார்க் வாங்கியிருந்தான். சின்னத்தாய்க்கு இதெல்லாம் தெரியாது. கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அவன் அந்த எருத் தட்டின கையைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. தன் வீட்டுக்கு வந்து சேர வேண்டிய பேச்சு, வழி தப்பி இந்தப் பல்லில்லாத வாய்க்குப் போய்விட்டது. பல்லுள்ள வாயாக இருந்திருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது.

திரும்பி வரும்போது பாலத்தின் மேலேயே அவளுக்கு ஒரு யோசனை தோன்றியது. ராமக்காள் ஏழையாக இருப்பதனால்தானே அவன் போகிறான்? அன்றிலிருந்து அப்பா அனுப்பின கம்பில் ஓர் ஓலைப் பெட்டி, சோளத்தில் ஒரு பெட்டி என்று காலை நேரத்தில் கொண்டுபோய்க் கொட்டினாள். ராமக்காள் கும்பிட்டு வாங்கிக்கொண்டாள். இது இரக்கமில்லை, வேறு கணக்கு என்று அவளுக்கும் தெரிந்திருக்கும். எந்தக் கணக்காக இருந்தால் என்ன, பானை நிறைந்தது.

உக்கிரபாண்டியின் அட்டவணையில் கோடு மேலே ஏறியது. ராமக்காள் இரண்டு வேளை சாப்பிட்டாள். பிறகு மூன்று வேளை. தோள் வலி குறைந்தது. எதற்கென்று சொல்லாமல் ஒருநாள் சிரித்தாள். யார் கொடுத்தது என்று கேட்டால், சாமி கொடுத்தது என்றாள். உக்கிரபாண்டிக்கு முகம் வெளுத்துவிட்டது. யாரோ தன் கேஸைக் கெடுக்கிறார்கள் என்று கண்டுபிடித்தான். வகுப்பில் அவனுக்கு அடுத்தபடி கெட்டிக்காரன் நல்லகாமன். அவனுக்குக் கிடைத்திருந்த குடும்பம் போன மாசம் ராத்திரியோடு ராத்திரியாக இலங்கைத் தோட்டத்துக்குக் கப்பலேறிப் போய்விட்டது. கேஸ் இல்லாத வயிற்றெரிச்சலில் அடுத்தவன் கேஸுக்குத் தானியம் போடுகிறான் என்று உக்கிரபாண்டி முதல்வரிடம் புகார் எழுதிக் கொடுத்தான். நல்லகாமன் தன் அம்மாமேல் சத்தியம் செய்தான். இரண்டு பேரும் ஆறின காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்தில் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள்.

முதல்வர் மாணவர்களைக் கூட்டி உருக்கமாகப் பேசினார்.

“மாணாக்கர்களே, பசித்தவனுக்கு ஒரு பிடி அரிசி கொடுப்பது மிகவும் சுலபம். எவன் வேண்டுமானாலும் செய்யலாம். அதற்குப் பட்டம் தேவையில்லை. கொடுக்காமல் இருந்து, ஏன் கொடுக்கவில்லை என்பதைக் கொள்கையாக வகுப்பதற்குத்தான் இந்தக் கழகம். ஒரு தரித்திரத்தை நாம் முழுசாகப் புரிந்துகொள்வதற்கு முன்னால் அதைப் போக்கிவிட்டால், பிறகு புரிந்துகொள்ள என்ன இருக்கும்? அரிசி போட்டவன் யாராக இருந்தாலும் அவன் ஏழைகளின் சத்துரு.”

மாணவர்கள் கை தட்டினார்கள். கெட்டுப்போன கேஸைப் பழைய நிலைக்குக் கொண்டுவர உக்கிரபாண்டி அதற்குப் பிறகு ராமக்காள் வீட்டுக்குக் காலையிலும் போகத் தொடங்கினான். கம்பு கொண்டுபோன சின்னத்தாய், தூரத்திலிருந்தே உரலின் மேல் அவன் முதுகைப் பார்த்துவிட்டு, பெட்டியோடு திரும்பினாள்.

அன்றைக்கு அவள் வீட்டுக்குப் போகவில்லை. கால் நேரே தல்லாகுளம் பங்களாவுக்குப் போயிற்று. ஏழையாக இருந்தால்தான் கேட்பார்கள் என்றால், தன்னையும் ஏழையாகச் சேர்த்துக்கொள்ளட்டும்.

வாசலில் ஒரு குமாஸ்தா பெயர் கேட்டார். எழுமலை காசிமாயன் மகள் சின்னத்தாய் என்றாள். புருஷன் பெயர் என்ன என்றார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கட்டினவன் பெயரை வாயால் சொல்லும் வழக்கம் அவள் குடும்பத்தில் கிடையாது. குமாஸ்தா இன்னொரு முறை கேட்டுவிட்டு, கணவன் பெயரை உச்சரிக்க மறுக்கிறாள் என்று எழுதிக்கொண்டார். பிறகு மைப்பெட்டியை நகர்த்தி, கட்டைவிரலை வைக்கச் சொன்னார்.

“வைக்க மாட்டேங்க. எங்க ஊர்ல ரேகை வச்சவுக யாரும் அதுக்கப்பறம் ராத்திரி வீட்டுல படுத்ததில்ல” என்றாள் சின்னத்தாய்.

குமாஸ்தா அதை, ராத்திரியில் வீட்டில் படுக்க அஞ்சுகிறாள் என்று எழுதினார். எழுதின தாளை அவரே ஒரு தரம் படித்துப் பார்த்துவிட்டு, ஓடிப்போய் முதல்வரிடம் கொடுத்தார்.

முதல்வர் அவளை நாற்காலியில் உட்காரவைத்தார். பசியா என்று கேட்டார். இல்லை என்றாள். வியாதியா, கடனா, புருஷன் குடியா, அடியா என்று சுவரில் உள்ள பதினொன்றையும் வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்று சொல்லச் சொல்ல அவர் குரல் நடுங்கியது.

“பின்னே உனக்கு என்னதான் குறை அம்மா?”

“எங்கிட்ட யாரும் ஒண்ணும் கேக்குறதில்லீங்க.”

முதல்வர் எழுந்து ஜன்னல் பக்கம் போய்க் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு சாக்கட்டியை எடுத்து, சுவரில் காலியாக இருந்த இடத்தில், விசாரிப்பின்மைத் தரித்திரம் என்று கொட்டை எழுத்தில் எழுதினார். வடக்கே இருப்பவர்கள் இதைக் கேள்விப்படும்போது அவர்கள் முகம் எப்படி இருக்கும் என்று குமாஸ்தாவைப் பார்த்துக் கேட்டார். சின்னத்தாய்க்கு நாற்பத்து மூன்றாம் நம்பர் கொடுத்தார்கள். கேஸ் இல்லாமல் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்த நல்லகாமனுக்கு அவளை ஒதுக்கினார்கள். கேஸின் பெயரை வகுப்பில் யாரும் சொல்லக் கூடாது, நம்பரைத்தான் சொல்ல வேண்டும் என்பது விதி.

நல்லகாமன் சாயங்காலம் வந்தான். அது யார் வீடு என்று அவனுக்குத் தெரியாது; உக்கிரபாண்டி அந்நேரம் செல்லூரில் இருப்பான். பக்கத்து வீட்டு அன்னக்கொடியைத் துணைக்கு வாசல்படியில் உட்காரவைத்துக்கொண்டு, புருஷனின் புத்தகங்களைப் பெட்டியில் போட்டு மூடிவிட்டு, சின்னத்தாய் பதில் சொன்னாள். முதல் நாள் என்ன பிடிக்கும் என்று கேட்டதற்கு, அவுகளுக்கு என்ன பிடிக்குமோ அதுதான் என்றாள். உங்களுக்கு, உங்களுக்கு என்று நல்லகாமன் இரண்டு முறை அழுத்திச் சொன்னான். அவள் ரொம்ப நேரம் யோசித்தாள். பதநீர் பிடிக்கும். ரயில் பாலத்தில் ஏறும்போது வரும் சத்தம் பிடிக்கும். மழை பெய்து விட்டதும் மண் தரையில் வெறுங்காலோடு நடக்கப் பிடிக்கும். சொல்லச் சொல்ல, இவ்வளவு இருக்கிறதா தனக்குள் என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. நல்லகாமன் கழுத்து டையைத் தளர்த்திக்கொண்டு, வேர்க்க வேர்க்க எழுதினான். நல்ல பையன். தலை நிமிர்ந்து பார்க்க வேண்டிய இடத்தில் பார்த்தான், சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தான்.

வகுப்பில் நாற்பத்து மூன்றாம் கேஸை அவன் வாசித்தபோது மற்ற மாணவர்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள். உக்கிரபாண்டிக்கு நெஞ்சு காந்தியது. தன்னிடம் இருப்பது வெறும் வயிற்றுப் பசி. அதுவும் கம்பு தின்று பாதி தீர்ந்துபோன பசி. இவனுக்கு எப்படி வாய்த்திருக்கிறது பார். வீடு திரும்பியவன் அன்றைக்கு முதல் தடவையாக ராமக்காள் பெயரை எடுக்கவில்லை. நாற்பத்து மூன்றைப் பற்றியே பேசினான். அதைவிட அந்தப் புருஷனைப் பற்றிப் பேசினான்.

“இப்படியும் ஒரு மனுசன் இருப்பானா? கட்டுன பொண்டாட்டி வச்ச கொழம்பு என்னன்னு தெரியாதாம் அவனுக்கு. அவ மொகத்த நிமிந்து பாத்தே வருசக் கணக்காகுதாம்” என்றான், எதிரே இருந்த தாளைப் பார்த்துக்கொண்டு.

“யாரு பெத்த புள்ளையோ” என்றாள் சின்னத்தாய்.

இப்படிப்பட்ட புருஷன்மாரைச் சர்க்கார் பட்டியல் எடுத்து, வாரம் ஒரு நாள் தாலூகா ஆபீசில் ஆஜராகிப் பெண்டாட்டி முகத்தில் உள்ள அடையாளங்களைச் சொல்லிக் கையெழுத்திட வைக்க வேண்டும் என்று உக்கிரபாண்டி ஒரு கொள்கைத் தீர்மானம் எழுதினான். முதல்வர் அதைப் படித்துவிட்டு அவனைக் கட்டிக்கொண்டார். உக்கிரபாண்டிக்கு இருந்த எரிச்சல் முழுவதும் அந்தத் தீர்மானத்தில் தமிழாக வந்து விழுந்திருந்தது.

மாசி மாசம் சென்னையிலிருந்து கழகத்தைப் பார்வையிட ஒரு கமிட்டி வந்தது. தலைவர் ஓய்வுபெற்ற ஜட்ஜ், காது மந்தம். கூடத்தில் வாழை கட்டி, கேஸ்களை நம்பர் போட்ட நாற்காலிகளில் வரிசையாக உட்காரவைத்தார்கள். மெலிந்தவர்கள் முன்வரிசை. கொஞ்சம் சதைப்பிடிப்பு இருந்ததால் ராமக்காளைப் பின்வரிசைக்குத் தள்ளினார்கள். உக்கிரபாண்டிக்கு அந்த அவமானமே பெரிதாக இருந்ததால், நாற்பத்து மூன்றாம் நாற்காலியில் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தவளை அவன் கவனிக்கவில்லை.

முதல்வர் வரவேற்றுப் பேசினார். கழகம் தொடங்கும்போது இந்த மதுரைக்குத் தன் தரித்திரம் என்னவென்றே தெரியாது, இன்று எண்ணிச் சொல்லும் அளவுக்கு முன்னேறியிருக்கிறது என்றார். இங்கே அமர்ந்திருப்பவர்கள் எல்லாரும் ஆரம்பத்தில் எப்படி இருந்தார்களோ அப்படியே பாதுகாக்கப்பட்டிருக்கிறார்கள், ஒரு கேஸைத் தவிர, அதற்கு வருந்துகிறோம் என்றார். பிறகு புதிய வகையை அறிவித்தார். தீர்மானத்தை வாசிக்க உக்கிரபாண்டியை மேடைக்குக் கூப்பிட்டார்கள்.

அவன் மேடையில் ஏறி, தாளைப் பிரித்து, எதிரே பார்த்தான். சின்னத்தாய் முக்காட்டை விலக்கியிருந்தாள். முதலில், விழா பார்க்க வந்திருக்கிறாள் போல என்று நினைத்தான். பிறகு நாற்காலியில் தொங்கிய நம்பரைப் பார்த்தான்.

வாசியுங்கள் என்றார் முதல்வர். அவன் தாளை மடித்தான். ஜட்ஜ் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு, தீர்மானம் இருக்கட்டும், அந்தப் புருஷன் எங்கே என்று கேட்டார். தேடிக்கொண்டிருக்கிறோம் என்றார் முதல்வர். சின்னத்தாயிடமே கேட்டார்கள். அவள் வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டாள். எவ்வளவு பயந்திருக்கிறாள் பாருங்கள் என்று முதல்வர் கமிட்டிக்குக் காட்டினார்.

பின்வரிசையில் ராமக்காள் எழுந்தாள்.

“புருசன எங்கன்னு இவளக் கேட்டா எப்படித் தெரியும் சாமி? நாலு மாசமா எங்க வீட்டு ஒரல்லதான ஒக்காந்திருக்காரு. எந்திரிச்சா நானும் நெல்லுக் குத்துவேன், இவளும் குடும்பம் நடத்துவா.”

ஜட்ஜுக்குக் கேட்கவில்லை. மற்ற எல்லாருக்கும் கேட்டது. முதல்வர் முகம் கோட்டு நிறத்துக்கு மாறிற்று. மேடையோரம் வந்து உக்கிரபாண்டியின் காதில் சொன்னார். ஆராய்கிறவன் வேறு, ஆராயப்படுகிறவன் வேறு. இரண்டும் ஒரே ஆளாக இருந்தால் பேனா யார் கையில் இருக்கும்? நீ இல்லை என்று ஒரு வார்த்தை சொல், கிழவி புத்தி பேதலித்தவள் என்று குறித்துக்கொள்கிறோம். உன் பட்டமும் இருக்கும், பன்னிரண்டாம் வகையும் இருக்கும்.

உக்கிரபாண்டி யோசித்தான். விட்ட வாத்தியார் வேலையை யோசித்தான், வரப்போகும் ஆபீசர் வேலையை யோசித்தான். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தும்விட்டான். அந்த நேரம் பார்த்து நல்லகாமன் ஒரு தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து சின்னத்தாயிடம் கொடுத்தான். குனிந்து ஏதோ சொன்னான். அவள் தண்ணீரைக் குடித்துவிட்டு, அவனைப் பார்த்து லேசாகச் சிரித்தாள்.

“அது எம் பொண்டாட்டி” என்றான் உக்கிரபாண்டி. “நான்தான் அந்தப் புருசன். டேய் நல்லகாமா, தள்ளி நில்லுடா.”

அதைப் பின்னாளில் கழகத்தின் ஆண்டறிக்கையில், மனசாட்சியின் குரல் என்று போட்டார்கள். நடந்தது மேலே சொன்னபடிதான்.

மாணவர் பட்டியலிலிருந்து அன்றே அவன் பெயரை அடித்தார்கள். அடித்த பெயரை வீணாக்காமல் நாற்பத்து மூன்றாம் கேஸில் கணவன் என்ற இடத்தில் எழுதிக்கொண்டார்கள். முதல்வர் வடக்கே தந்தி கொடுத்தார். அவர்கள் பதின்மூன்றாவதைக் கண்டுபிடித்திருப்பதாகப் பதில் தந்தி வந்தது. முதல்வர் இரண்டு நாள் கழகத்துக்கே வரவில்லை. ராமக்காளுக்கு வேறு மாணவன் யாரையும் போடவில்லை. அவள் உரல் அவளுக்குத் திரும்பக் கிடைத்தது. கழகத்தால் பலனடைந்தவள் என்று யாரையாவது சொல்ல வேண்டுமானால் அவளைத்தான் சொல்லலாம்.

பாலத்தில் திரும்பி வரும்போது உக்கிரபாண்டி முன்னால் நடந்தான். சின்னத்தாய் நாலடி பின்னால் வந்தாள். அடிப்பான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை, ஆனால் ஊருக்குப் போ என்று சொல்லிவிடுவானோ என்று பயந்தாள். அப்படி ஒன்றும் சொல்லவில்லை. உசிலம்பட்டிப் பள்ளிக்கூடத்தில் இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கும், எழுதிக் கேட்கலாம் என்று மட்டும் வீட்டு வாசலில் வைத்துச் சொன்னான்.

திங்கட்கிழமை சாயங்காலம் நல்லகாமன் வந்து வாசலில் நின்றான். உள்ளே வர உக்கிரபாண்டி வழி விடவில்லை.

“மாப்ள, நீ பதில் சொல்லலேன்னா எனக்குப் பட்டம் இல்ல. ஒனக்குத் தெரியாததா? ஒரு நாள் மட்டும் ஒக்காருப்பா” என்று கெஞ்சினான் நல்லகாமன்.

கேஸ் ஓடிப்போனால் என்ன வேதனை என்று உக்கிரபாண்டிக்குத் தெரியும். உட்கார்ந்தான். நல்லகாமன் அவன் மனைவிக்குப் பிடித்தது என்ன என்று கேட்டான். உக்கிரபாண்டி கொஞ்சம் யோசித்து, காப்பி என்றான். நல்லகாமன் உதட்டைக் கடித்துக்கொண்டு எழுதினான். எந்தச் சத்தம் பிடிக்கும் என்று கேட்டான். கோயில் மணி என்றான். நல்லகாமனின் பேனா ஒரு நிமிஷம் தயங்கியது. அடுத்தடுத்து ஒவ்வொன்றாகக் கேட்டான், உக்கிரபாண்டி ஒவ்வொன்றையும் தப்பாகச் சொன்னான். தப்பாகச் சொல்கிறோம் என்பது நல்லகாமனின் முகத்தைப் பார்த்தே அவனுக்குத் தெரிந்தது. தன் வீட்டுக்குள் தன் எதிரே உட்கார்ந்திருக்கும் யாரோ ஒரு பயலுக்குத் தன் பெண்டாட்டியைப் பற்றி எல்லாம் தெரிந்திருக்கிறது. அவனுக்கு உள்ளங்காலிலிருந்து உச்சிவரை எரிந்தது.

கிளம்பும்போது நல்லகாமன் சின்னத்தாயைப் பார்த்து, அந்த இன்னொரு விஷயத்தை நான் எழுதவே இல்லை அக்கா, நீங்கள் சொன்னபடியே விட்டுவிட்டேன் என்றான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வாசல்படியில் உட்கார்ந்திருந்த அன்னக்கொடியும் சிரித்தாள்.

அவன் சந்து முனையைத் தாண்டும்வரை உக்கிரபாண்டி பொறுத்திருந்தான்.

“அது என்ன விசயம்?”

“எது?”

“அவன் எழுதலேன்னானே.”

“அதுவா. ஒங்களப் பத்தித்தான்.”

“என்னையப் பத்தி என்ன?”

“சோத்தப் போட்டுட்டேன், வாங்க” என்றாள் சின்னத்தாய்.

தட்டின் முன்னால் உட்கார்ந்து, அவன் அவள் முகத்தையே பார்த்தான். கல்யாணத்துக்குப் பின் அவ்வளவு நேரம் அவன் பார்த்ததில்லை. அவள் புருவத்தின் ஓரம் சின்னதாக ஒரு தழும்பு இருந்தது. நல்லதா, கெட்டதா, அதையாவது சொல்லு என்றான். கொஞ்சம் பொறுத்து, சிரிக்கிற மாதிரியா அழுகிற மாதிரியா என்றான். அவள் குழம்பை ஊற்றினாள். உக்கிரபாண்டிக்குச் சோறு இறங்கவில்லை. சின்னத்தாய் இன்னொரு அகப்பை போட்டுக்கொண்டு சாப்பிட்டாள்.